மூன்று விரல், ஒரு லப்டொப்

எங்கள் ரூமில் மூன்று பேர், லப்டொப் ஒன்று. மூன்று பேரும் கலைப்பீடம்தான். ஒருத்தி வரலாறு, ஒருத்தி புவியியல், ஒருத்தி சமூகவியல். லப்டொப் உண்மையில் புவியியல்காரியினுடையது. கனடாவில் இருக்கிற அவளின் பெரியம்மா இரண்டு வருடம் பாவித்துவிட்டு, 2023இல் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். மக்புக் எயார், எம்1 சிப். ஒரு கணக்கில் மூன்று கைரேகை வரை பதியலாம் என்று மெசின் சொன்னது. நாங்களும் சரியாக மூன்று பேர். பதிந்துவிட்டோம். அன்றையிலிருந்து எங்கட ரூமில் "என்ர லப்டொப்" என்ற கதை இல்லை.

முதல் செமஸ்டரில் அதை லெக்சருக்குக் கொண்டுபோகவே கூச்சமாக இருந்தது. எங்கட பட்சில் அசைன்மென்ட் முழுவதையும் போனிலேயே தட்டி அனுப்புகிறவர்கள் கனபேர். நாங்களும் கொரோனாக் காலத்தில் ஏ.எல். வகுப்புகளைக் கண்ணாடி வெடித்த போனில் பார்த்துப் படித்துத்தான் வந்தோம். அப்படியிருக்க, அப்பிள் படம் போட்ட ஒன்றை மேசையில் வைத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு துணிப்பையில் சுற்றிக்கொண்டு போவோம். கன்டீனில் ஒரு சீனியர் அண்ணா கேட்டார்: "என்ன தங்கச்சி, வீட்டில காணியை வித்துப்போட்டீங்களோ?"

சிரித்தோம். ஆனால் இரவு ரூமுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். 2020 நவம்பரில் இந்த மொடல் வந்தபோது அமெரிக்காவில் தொடக்க விலை 999 டொலர். அப்போது ஒரு டொலர் 185 ரூபாய் அளவில் இருந்தது. வரி, கடைக்காரரின் இலாபம் எதுவும் சேர்க்காமல் ஒரு இலட்சத்து 85 ஆயிரம். 2022 மே மாதம் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. அதே மெசின், அதே 999 டொலர், மூன்று இலட்சத்து 60 ஆயிரம். எங்கள் மூன்று வீட்டிலும் எந்த அப்பாவாலும் ஏலாத காசு. ஆக, அண்ணா கேட்டது பகிடி மட்டும் இல்லை. பெரியம்மா இல்லாவிட்டால் காணிதான்.

இதற்கு முதல் நாங்கள் பாவித்தது பழைய இன்டெல் லப்டொப் ஒன்று. பற்றரி முக்கால் மணித்தியாலம் நிற்கும். லைப்ரரியில் பிளக் பொயின்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கதிரைகளைப் பிடிக்க விடியவே ஓடவேண்டும். உள்ளே இருக்கிற ஃபான் போடுகிற சத்தத்துக்குப் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார்கள். புதிதாக வந்ததில் ஃபானே இல்லை. மடியில் வைத்தால் சுடவும் இல்லை. காலையில் எடுத்துக்கொண்டு போனால் பின்னேரம் வரை சார்ஜர் தேவைப்படவில்லை. ஏன் இப்படி என்று முதலில் தேடத் தொடங்கியது வரலாறுகாரிதான்.

இந்தச் சிப் 'ஆர்ம்' என்ற வகையைச் சேர்ந்தது. கதை தொடங்குவது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஏகோர்ன் என்ற சிறிய கொம்பியூட்டர் கம்பனியில். சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபேர்பரும் வடிவமைத்த முதலாவது ஆர்ம் சிப் 1985 ஏப்ரலில் வேலை செய்யத் தொடங்கியது. சூடு கூடினால் விலை கூடிய உறை தேவைப்படும் என்பதால், குறைந்த மின்சாரத்தில் ஓடவேண்டும் என்பதில் அவர்கள் குறியாக இருந்தார்கள். சோதித்த அன்று மின்சாரம் எவ்வளவு போகிறது என்று அளந்தால் மீற்றர் பூச்சியம் காட்டியது. பார்த்தால், சிப்புக்கான மின் இணைப்பே கொடுபடவில்லை. மற்றப் பக்கங்களால் கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டு இருந்திருக்கிறது! 1990இல் ஏகோர்ன், அப்பிள், விஎல்எஸ்ஐ மூன்றும் சேர்ந்து ஆர்மைத் தனிக் கம்பனி ஆக்கின. வடிவமைப்பையும் அதற்கான உரிமத்தையும் விற்றே அந்தக் கம்பனி வளர்ந்தது. பற்றரியில் ஓடுகிற போன்களுக்கு அதைவிடப் பொருத்தமான சிப் வேறு இருக்கவில்லை.

கசிவு மின்சாரத்தில் ஓடின கதையை நாங்கள் முழுமனதாக நம்பியது 2025 பெப்ரவரி 9ஆம் திகதி. ஞாயிற்றுக்கிழமை, காலை 11.30 இருக்கும். நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் குரங்கு ஒன்று புகுந்துவிட்டது என்று அமைச்சர் சொன்னார், ஞாபகம் இருக்கும். எங்களுக்குத் திங்கட்கிழமை ஒரு அசைன்மென்ட். லப்டொப்பில் 80 வீதம் இருந்தது. மற்ற ரூம்களில் இருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். "அக்கா, இதில போன் சார்ஜ் போடலாமோ?" ஒரு பக்கத்தில் இரண்டு ஓட்டை. ஒன்றில் ஒரு போன், மற்றதில் இன்னொன்று, மாறி மாறி. நடுவில் நாங்கள் தட்டிக்கொண்டிருந்தோம். பின்னேரம் கரண்ட் வரும்போது 20 வீதத்துக்குக் கிட்ட நின்றது. அசைன்மென்ட் முடிந்திருந்தது. 2022இல் கரண்ட் 13 மணித்தியாலம் போன நாட்களில் இது இருந்திருந்தால் என்று நினைத்தோம். அப்போது ஊரில் மெழுகுதிரியில் படித்த மூன்று பேரும் வேறு வேறு வீட்டில் இருந்தோம்.

அன்று சார்ஜ் போட வந்த போன்களை யோசித்துப் பாருங்கள். 25 ஆயிரம் ரூபாய் போன், தவணைக் காசில் வாங்கிய போன், கண்ணாடி வெடித்த போன், எல்லாவற்றுக்குள்ளும் இருப்பதும் ஆர்ம்தான். வேகத்திலும் விலையிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஆனால் ஒரே பரம்பரை. போனில் அசைன்மென்ட் தட்டுகிறவர்களுக்கு முன்னால் நாங்கள் கூச்சப்பட்டோமே, அவர்களுக்கும் எங்களுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் சிப்பின் வகை இல்லை. பெரிய திரை, விசைப்பலகை, நேரம். பத்துப் பக்கத்தைப் போனில் தட்ட இரண்டு இரவு போகும். எங்களுக்கு ஒரு பின்னேரம் போதும். விலை கூடின பொருள் எங்களுக்குத் தந்தது அந்த நேரத்தைத்தான். அது விளங்கின பிறகு துணிப்பையை விட்டுவிட்டோம். யாராவது கேட்டால் இரண்டு மணித்தியாலம் கொடுத்துவிடுவோம். கைரேகை மூன்றுக்கு மேல் பதிய ஏலாது. பாஸ்வேர்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

சிக்கல் வந்தது இறுதி வருடத்தில்தான். டிப்பார்ட்மென்டில் எல்லாரும் பாவிக்கிற வரைபட மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் செய்தது. அதிலும், இன்டெல் வகைச் சிப்புக்காக எழுதியது. ஒவ்வொரு வகைச் சிப்புக்கும் தனக்கு விளங்குகிற கட்டளைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒன்றுக்கு எழுதியது மற்றதுக்கு விளங்காது. இடையில் மொழிபெயர்ப்பு வேண்டும். மக்கில் அந்த வேலையைச் செய்வதற்குப் பெயர் 'ரொசெட்டா'. 1799இல் எகிப்தில் எடுத்த, ஒரே ஆணையை மூன்று எழுத்து முறைகளில் சொல்கிற கல்லின் பெயர். வரலாறுகாரிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனால் ரொசெட்டா மொழிபெயர்ப்பது இன்டெல் மக்குக்காக எழுதியவற்றை. விண்டோஸ் மென்பொருளை அது தொடாது.

பழைய இன்டெல் மக்கில் விண்டோஸை நேரடியாகவே போடலாம். எங்கடையில் ஏலாது. மெசினுக்குள் இன்னொரு மெசினை உருவாக்கி அதற்குள்தான் போடவேண்டும். அதுவும் ஆர்முக்கான விண்டோஸ். அது திரும்ப இன்டெல் மென்பொருளை மொழிபெயர்க்க வேண்டும். செய்து பார்த்தோம். இருக்கிற 8 ஜீபி நினைவகத்தை இரண்டு பேரும் பங்குபோட, வரைபடத்தில் ஒரு கோடு கீறிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். பழைய லப்டொப் என்றால் கடையில் குடுத்து நினைவகத்தைக் கூட்டியிருப்போம். இதில் அது சிப்போடு சேர்ந்தே வருகிறது. வாங்கின அன்று எவ்வளவோ, கடைசி வரைக்கும் அவ்வளவுதான்.

ஆய்வுக்கட்டுரைக்கு ஏழு வரைபடம் வேண்டும். ஒப்படைக்க ஐந்து கிழமை இருந்தது. "இவ்வளவு விலை கூடின லப்டொப் வைச்சிருந்தும் லாபில வந்து நிக்கிறியே" என்று பட்சில் ஒருத்தி கேட்டாள். புவியியல்காரி அன்று இரவு சாப்பிடவில்லை. பெரியம்மா குடுத்ததைக் குறை சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. கடைசியில் இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸை இறக்கினோம். எங்களுக்குக் கிடைத்த பதிப்பும் இன்டெல் மக்குக்காகக் கட்டியது. ரொசெட்டா மொழிபெயர்த்தது, ஓடியது. லாபில் இருந்த ஷேப்பைல்களை அதில் திறக்க முடிந்தது. நிறம், குறியீடு எல்லாவற்றையும் முதலில் இருந்து போடவேண்டி வந்தது. பகலில் லாப், இரவில் ரூம். ஒருத்தி கீற, ஒருத்தி ஊர்ப் பெயர்களைத் தமிழில் தட்ட, ஒருத்தி பிழை பார்க்க, ஏழு வரைபடமும் முடிந்தது.

அந்த இரவுகளில் ஒன்று விளங்கியது. பாடம் தமிழில், வாசிக்க வேண்டிய கட்டுரைகள் ஆங்கிலத்தில். நாங்களும் முதலாம் வருடத்தில் இருந்து மொழிபெயர்த்துத்தான் படிக்கிறோம். வேலை நடக்கிறது. ஆனால் அதற்குப் போகிற நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சுற்றியிருக்கிற எல்லாம் வேறு பட்டியலில் ஓடும்போது, எவ்வளவு நல்ல மெசினும் அந்த நேரத்தைக் குடுத்துத்தான் ஆகவேண்டும். ரொசெட்டாவும் எப்போதும் இருக்கப்போவதில்லை. மக்ஓஎஸ் 27 வரைதான் அதை முழுமையாக வைத்திருப்போம் என்று 2025 ஜூனில் அப்பிள் அறிவித்துவிட்டது. அதற்குள் மென்பொருள் செய்கிறவர்கள் ஆர்முக்கு மாறவேண்டும்.

ஆகவே, ஜூனியர் தங்கச்சி தம்பிமாருக்கு. வெளிநாட்டில் இருந்து யாராவது "என்ன லப்டொப் வேணும்?" என்று கேட்டால், முதலில் உங்கள் டிப்பார்ட்மென்டில் எந்த மென்பொருள் பாவிக்கிறார்கள் என்று சீனியரிடம் கேளுங்கள். 2024இல் இருந்து விண்டோஸ் லப்டொப்களிலும் ஆர்ம் சிப் பரவலாக வருகிறது, பெட்டியைத் திருப்பி வாசியுங்கள். எழுத்து, வாசிப்பு, இணையம் என்றால் பயமில்லாமல் வாங்கலாம். நினைவகத்தை மட்டும் குறைத்து வாங்காதீர்கள்.

அடுத்த மாதம் ரூமைக் காலி செய்கிறோம். லப்டொப் புவியியல்காரியோடு போகும். பற்றரி இப்போது பழைய கொள்ளளவில் 84 வீதம். போன கிழமை மற்ற இரண்டு கைரேகையையும் அழிக்க செட்டிங்ஸைத் திறந்தோம். அவள் பார்த்துவிட்டு மூடினாள். "கிடக்கட்டும். எனக்கு ஒரு விரல் காணும்."