வேடமும் உள்ளமும்

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவின்போது, நேர்த்திக்கடன் உடையோர் காளி, குறவன், குரங்கு, பிச்சைக்காரன் எனப் பல வேடம் பூண்டு வீடுதோறும் காணிக்கை பெற்று அம்மனுக்குச் செலுத்துவர். செல்வரும் இதற்கு விலக்கல்லர். பத்தாம் நாளிரவு கடற்கரையில் நிகழும் சூரசம்ஹாரம்வரை ஊரெங்கும் வேடமயம்தான்.

ஓராண்டு, நாம் அறிந்த வணிகர் ஒருவர் கந்தலுடுத்து நம் வாயிலில் தட்டேந்தி நின்றார். காசிட்டபோது அவர் கை நடுங்கிற்று. அந்நடுக்கம் நடிப்பன்று.

இரத்தலை இழிவெனக் கருதும் மார்க்கத்தில் வளர்ந்த நமக்கு முதலில் கூச்சமே மிகுந்தது. பின்னரே இமாம் கஸ்ஸாலி (1058–1111) நினைவுக்கு வந்தார். செருக்கு மிக்க மாணாக்கனை ஆசான் கடைத்தெருவுக்கு அனுப்பி இரக்கச் செய்வதை ‘இஹ்யா உலூமுத்தீன்’ நூலில் அவர் மருந்தாகவே கூறுகிறார். செயல் முந்தினால் உள்ளம் பின்தொடரும் என்பது அவர் துணிபு. வில்லியம் ஜேம்சும் 1884இல், துயரத்தால் அழுகிறோம் என்பதைத் திருப்பி, அழுவதால் துயருறுகிறோம் என்றார். ரமலான் நோன்பின் பசியும் இத்தகைய பயிற்சியன்றோ? ஆயினும், பழகியது இயல்பாகும்வரை விடாது பழகவேண்டும் என்பார் இமாம். அதற்குப் பத்து நாள் போதுமா? முப்பது நாள்தான் போதுமா?

வணிகர் அதன்பின் மாறினாரா என்று ஆராய முற்பட்டோம். அது நம் வேலையன்று. தசரா முடிந்த சில நாளில் வேடமில்லா இரவலர் ஒருவர் அதே வாயிலில் நின்றார். “மாப்பு செய்யுங்கள்” என்று கூறிக் கதவை அடைத்தோம். இக்கட்டுரையின் முற்பகுதியை அன்று காலையில்தான் எழுதியிருந்தோம்.