வண்டிக்கு முன்னால் நிலத்தைப் பார்

ராயக்கோட்டை,
ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

 

மண்ணில் ஓட்டும் நாலு சக்கர ஏ.டி.வி. வாங்கும் ஆசையில் போலாரிஸா, கேன்-ஆமா, சி.எஃப்.மோட்டோவா என்று கேட்டிருந்தாய். கம்பெனிப் பெயரைக் கடைசியில் பார்ப்போம். வண்டி எங்கே ஓடும், நின்றுபோனால் யார் கை வைப்பார்கள், முதலில் இந்த இரண்டையும் முடிவு செய்.

நம் நாட்டில் பெரும்பாலான ஏ.டி.வி.க்கு ஆர்.டி.ஓ. நம்பர் கிடைக்காது. நம்பர் இல்லாமல் ரோட்டில் இறக்க முடியாது. வீட்டிலிருந்து தோட்டத்துக்குப் போக நடுவில் மெயின் ரோடு இருக்கிறதே, ஒவ்வொரு முறையும் டாட்டா ஏஸில் ஏற்றியா கொண்டுபோவாய்? போலாரிஸ் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 570-ஐ விவசாய டிராக்டர் என்ற கணக்கில் ரோட்டுக்குக் கொண்டுவந்தது உண்டு. டீலர் "நம்பர் வாங்கித் தருகிறோம்" என்று சொன்னால், அதே மாடலுக்கான ஒப்புதல் பேப்பரைக் கண்ணில் காட்டச் சொல்.

காட்டுக்குள் ஓட்டலாம் என்ற நினைப்பை இப்போதே விட்டுவிடு. சானமாவுப் பக்கம் காப்புக்காடு, அனுமதியில்லாமல் நுழைந்தாலே வழக்கு. ராகி விளையும் சமயத்தில் கர்நாடகத்திலிருந்து யானைக் கூட்டம் வந்து அங்கேதான் தங்கும். நம் கோட்டை மலையோ தொல்லியல் துறை வசம். அதனால் மிஞ்சுவது நம் தோட்டம்தான்.

அந்த நிலத்தை நீ மழைக்குப் பிறகு பார்த்ததில்லை. மேல்வரப்பிலிருந்து கிணற்று மேடு வரை செம்மண் வழுக்கும், நடுநடுவே பாறை தலை நீட்டும், சொட்டுநீர்க் குழாய் குறுக்கே கிடக்கும். ஏ.டி.வி.யில் கட்டைவிரலால் ஆக்ஸிலரேட்டரைத் தள்ள வேண்டும். சரிவில் குறுக்கே போகும்போது உடம்பை மேட்டுப் பக்கம் சாய்க்கத் தெரியாவிட்டால், முந்நூறு கிலோவுக்கு மேல் உள்ள வண்டி ஆள் மேலேயே புரண்டு விழும். மூன்று சக்கரத்தில் வந்த பழைய ஏ.டி.வி.க்கள் இப்படிப் புரண்டு பலரைக் கொன்றதால்தான், 1988-ல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனையையே நிறுத்தினார்கள்.

தக்காளிப் பெட்டி ஏற்றவும் வேண்டும் என்றால் நாலு சக்கரமும் இழுக்கும் யுட்டிலிட்டி வகையைப் பார். ஸ்போர்ட் வகை எடை குறைவு, ஆனால் பின்சக்கரம் மட்டுமே இழுக்கும், பாரத்துக்கு ஆகாது. யுட்டிலிட்டியில் கியர் மாற்றும் வேலையைச் செய்வது பெரும்பாலும் சி.வி.டி. பெல்ட்தான். அதன் உறைக்குள் சேறும் தண்ணீரும் புகுந்தால் பெல்ட் வழுக்கும், சூடேறித் தேயும். நம்மூர் மெக்கானிக் டிராக்டர் கியர்பாக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார், ஆனால் இந்த பெல்ட் கடையில் கிடைக்காது. அதனால் டீலரிடம் பெல்ட், ஏர் ஃபில்டர், பிரேக் பேட் இவற்றின் விலையையும் வந்துசேர எத்தனை நாள் ஆகும் என்பதையும் எழுதி வாங்கு. எழுதித் தருகிற கம்பெனிதான் உனக்கு நல்ல கம்பெனி.

என்னைக் கேட்டால், மண்ணில் ஓட்டும் ஆசைக்கு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக்கே போதும். முன்சக்கரம் 21 அங்குலம், தரையிலிருந்து 220 மி.மீ. உயரம், எடை ஏறக்குறைய 160 கிலோ. நம்பரோடு வரும், வீட்டிலிருந்து நேராகத் தோட்டத்துக்குள் போகலாம். ஹிமாலயன் 450 நல்ல வண்டிதான், ஆனால் 196 கிலோ. சேற்றில் சாய்ந்தால் தனியாளாகத் தூக்கிப் பார், தெரியும். நம் ஓசூர் டி.வி.எஸ்ஸின் அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300 நெடுஞ்சாலைப் பயணத்துக்கு ஏற்றது, அலாய் சக்கரம் பாறையில் அடிபட்டால் தாங்காது.

எதை வாங்கினாலும் முதலில் பழகு. 2015-ல் டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ், கோலார் பக்கம் பிக்ராக் டர்ட்பார்க் என்ற பயிற்சித் திடலைத் தொடங்கியிருக்கிறார். பைக் பயிற்சிக்கு உனக்கு அது பக்கம்.

அதற்குள் யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. அடுத்த மழை விட்டதும் ஒரு நாள் லீவு போட்டு வா. மேல்வரப்பிலிருந்து கிணறு வரை நடப்போம். அதன் பிறகும் நாலு சக்கரம்தான் வேண்டும் என்றால், டீலரிடம் பேரம் பேச நானும் வருகிறேன்.

அன்புடன்,
மாமா