மணல்திட்டில் ஓர் இரவு

மனிதரின் இயல்பைப் போன்றே ஆறுகளின் இயல்பும் பலவகைப்படும். பாறைகளில் மோதி ஆர்ப்பரித்துப் பாய்வன சில. அகன்று பரந்து ஓசையின்றி நடப்பன சில. அமெரிக்க ஐக்கிய நாட்டில், ஒரு மாநிலத்துக்கே தன் பெயரைத் தந்த விஸ்கான்சின் நதி, அதன் கீழ்ப்பகுதியில் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மேற்பகுதியில் பல அணைகள் அதனை மறித்து நிற்கின்றன. பிரெய்ரி டு சாக் என்னும் ஊரிலுள்ள கடைசி அணையைக் கடந்தபின், மிசிசிப்பி மாநதியில் கலக்கும்வரை ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தொலைவுக்கு அது தடையின்றிச் செல்கிறது. 1989ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்கீழ் இப்பகுதியின் கரைகளும் குன்றுகளும் காக்கப்பட்டு வருகின்றன. ஆகவே படகிலிருந்து நோக்குவோர்க்கு வீடுகளைவிட மரங்களே மிகுதியாகத் தென்படும்.

மாடிசன் நகரில் வாழும் என் தங்கையின் இல்லத்துக்குச் சென்றிருந்தபோது, ஜூலை மாதத்தில் இந்நதியில் ஓரிரவுப் பயணம் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தங்கை, மைத்துனர், அவர்களுடைய பன்னிரண்டு வயது மகள், நான் ஆக நால்வர். வெள்ளி காலையில் சாக் சிட்டி என்னும் சிற்றூரில் படகேறி, வழியில் ஒரு மணல்திட்டில் இரவைக் கழித்து, சனி மாலை ஸ்பிரிங் கிரீன் அருகே கரையேற வேண்டும். தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஞாயிறு திருப்பலிக்கு வீடு திரும்பிவிடலாம் என்று தங்கை முன்னரே கணக்கிட்டு வைத்திருந்தாள்.

நாங்கள் ஏறிய படகுக்குக் கயாக் என்று பெயர். வடதுருவத்தை அடுத்த பனிநிலங்களில் வாழும் இன்யூட் முதலிய மக்கள், கடல்நாய் வேட்டைக்கெனக் கண்டுபிடித்தது அது. ஆற்றில் மிதந்து வந்த மரங்களாலும் திமிங்கல எலும்புகளாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாயின் தோலை இழுத்துப் போர்த்தித் தைப்பார்கள். இன்று அதே வடிவம் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகிறது. அமர்பவரின் இடுப்பு ஏறக்குறைய நீர்மட்டத்திலேயே இருக்கும். துடுப்புக்கு இருமுனையிலும் அலகு உண்டு. வலமும் இடமும் மாறி மாறி வலித்தால் படகு நேரே செல்லும்.

பொருள்களைக் கட்டும்போதே ஒழுங்குமுறைகள் தொடங்கிவிட்டன. கண்ணாடிப் பாத்திரம் எதனையும் இந்நதியில் கொண்டு செல்லலாகாது. குப்பையைச் சேர்க்க நீர்புகாத பையொன்றை உடன் கொண்டு செல்லவேண்டும். ஆகையால் எலுமிச்சை ஊறுகாய் தன் கண்ணாடிப் புட்டியை விட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குக் குடிபெயர்ந்தது. தயிர்ச்சோறு, குடிநீர், கூடாரம், போர்வை, விளக்கு யாவும் நீர்புகாப் பைகளில் அடங்கின.

இந்நதியில் படகோட்டுதல் வலிமையைவிடக் கூர்ந்து நோக்குதலையே வேண்டுவது. அடி முழுதும் மணல். அம்மணல் ஓரிடத்தில் நிலைத்திராது. வெள்ளந்தோறும் இடம் பெயரும். சென்ற ஆண்டு திட்டாக இருந்த இடம் இவ்வாண்டு மடுவாக இருக்கலாம். எனவே வரைபடத்தைவிட நீரின் முகமே நல்ல வழிகாட்டி. மேற்பரப்பில் சிற்றலைகள் நெளிந்தால் கீழே மணல் நெருங்கிவிட்டது என்று பொருள். நீர் கறுத்து வழவழப்பாக இருந்தால் ஆழம் உண்டு. வளைவுகளில் நீரோட்டம் வெளிக்கரையை ஒட்டியே செல்லும். இவற்றை மைத்துனர் எடுத்துரைத்தார். அவ்வாறிருந்தும் நாங்கள் நால்வரும் முறைவைத்துத் தரைதட்டினோம். இறங்கி, கணுக்கால் நீரில் படகை இழுத்துக்கொண்டு நடந்தோம்.

அப்போதும் உயிர்காக்கும் மிதவைச் சட்டையை எவரும் கழற்றக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பான கட்டளை. மணல்திட்டின் கீழ்முனை சில இடங்களில் சுவரைப்போல் செங்குத்தாக இறங்கிவிடும். ஓரடி வரையில் கணுக்கால் நீர். அடுத்த அடியில் தலைக்குமேல் நீர். சிரித்து விளையாடிக்கொண்டிருந்தவர்களை இந்த அமைதியான நதி அவ்வாறு கொண்டுபோனதுண்டு. மென்மையான நதி என்பதனால் அதற்குரிய மரியாதையைக் குறைத்துவிடலாகாது.

மாலையில் அரீனா என்னும் ஊருக்கருகே நீண்டதொரு மணல்திட்டில் இறங்கினோம். படகுகளை உயரத்துக்கு இழுத்துச் சென்று ஒரு வில்லோ மரத்தடியில் கட்டினோம். மைத்துனர் நீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்தார். மேலே அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டாலோ, எங்கேனும் மழை பெய்தாலோ இரவோடிரவாக ஆறு உயரும். அதனை அக்குச்சி அறிவிக்கும்.

கூடாரம் அடித்து முடிந்ததும் மருமகள் கேட்டாள்: "மாமா, இந்த மணல் யாருடையது?"

சட்டப்படி விடையளிப்பது எளிது. அரசுக்குரிய தீவுகளிலும் திட்டுகளிலும் படகில் வருவோர் யாராயினும் கட்டணமின்றித் தங்கலாம். மூன்று நாள்களுக்கு மேல் கூடாது. ஆனால் அக்கேள்விக்கு இந்நதியின் வரலாறும் விடை கூறுகிறது. உணவுக்குப்பின் அதனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

1673ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இயேசு சபைக் குருவான ஜாக் மார்க்கெட் என்பவரும், லூயி ஜோலியே என்பவரும், துணைவர் ஐவரும் பிர்ச் மரப்பட்டையால் ஆன இரு படகுகளில் இந்நதியின் வழியே சென்றனர். குருவானவருக்கு அப்போது வயது முப்பத்தாறு. இந்நதியை அடையும் வழியை அவர்கள் தாமாகக் காணவில்லை. சதுப்பு நிலமும் காட்டரிசிப் பயிரும் மண்டிய நீர்வழிகளில் மயாமி இனத்தார் இருவர் முன்சென்று வழிகாட்டி, படகுகளைத் தோளில் சுமந்து தரையைக் கடக்கவும் உதவி, பின் திரும்பிச் சென்றனர். நதி அகன்றது, மணலடி உடையது, திட்டுகள் மிகுந்து படகோட்டக் கடினமானது என்று குருவானவர் எழுதி வைத்தார். அன்று நாங்கள் தரைதட்டிய அனுபவத்துக்கு அது நல்ல சான்று. ஜூன் 17ஆம் நாள் அவர்கள் மிசிசிப்பியைக் கண்டனர். அதற்கு அவர் அமலோற்பவ நதி என்று பெயரிட்டார், அப்பெயர் நிலைக்கவில்லை. இரண்டாண்டுகளுக்குள், 1675 மே மாதத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் அவர் காலமானார். இந்நதியில் அவர் விருந்தினராகவே வந்தார். நீரையும் நிலத்தையும் அறிந்தவர்கள் அவரை விருந்தினராகவே நடத்தினர்.

ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின் இக்கரையில் நடந்தது வேறு. அன்று முற்பகல், சாக் சிட்டிக்குச் சற்றுக் கீழே, இடக்கரையை அடுத்துச் சில குன்றுகளைக் கடந்து வந்திருந்தோம். விஸ்கான்சின் ஹைட்ஸ் என்பது அவற்றின் பெயர். சாக் சிட்டியின் பெயரில் இன்றும் வாழும் சாக் இனத்தார், தாம் இழந்த நிலத்துக்குத் திரும்ப எண்ணி, பிளாக் ஹாக் என்னும் தலைவரின்கீழ் 1832 ஏப்ரலில் மிசிசிப்பியைக் கடந்து இல்லினாய் மாநிலத்துக்குள் வந்தனர். படைகள் அவர்களைத் துரத்தின. ஜூலை 21ஆம் நாள், பசியால் நலிந்த பெண்களும் முதியோரும் குழந்தைகளும் இந்நதியைக் கடந்துகொண்டிருக்க, சிறு தொகையினரான வீரர்கள் அக்குன்றுகளில் நின்று படையைத் தடுத்தனர்.

அன்றிரவு நிகழ்ந்ததை மைத்துனர் சொன்னபோது நாங்கள் யாவரும் மௌனமானோம். விடியுமுன் குன்றின் உச்சியிலிருந்து ஒரு குரல் உரக்க எழுந்தது. சாக் தலைவர்களுள் ஒருவரான நியபோப் என்பவரின் குரல் அது. எங்களுடன் பெண்டு பிள்ளைகள் இருக்கின்றனர், பசியால் வாடுகிறோம், மிசிசிப்பியைக் கடந்து செல்ல விடுங்கள், இனி எவர்க்கும் தீங்கு செய்யோம் என்பதே அவர் கூறியதன் கருத்து. ஹோ-சங்க் இனத்தாரின் மொழியில் அவர் பேசினார்; படையினருடன் அம்மொழியாளர் சிலர் வந்திருந்ததை அவர் அறிந்திருந்தார். ஆனால் அவர்கள் முன்னரே பாசறையை விட்டுப் போய்விட்டனர். கேட்டவர்களில் ஒருவருக்கும் பொருள் விளங்கவில்லை. சரணடைய வந்த சொல்லைப் போர்முழக்கம் என்று எண்ணினர். பன்னிரண்டு நாள்களுக்குப் பின், ஆகஸ்டு 2ஆம் நாள், பேட் ஆக்ஸ் என்னும் இடத்தில், மிசிசிப்பியைக் கடக்க முயன்ற அம்மக்களுள் பெரும்பாலோர் மடிந்தனர்.

விளக்கை அணைத்தபின் நெடுநேரம் உறக்கம் வரவில்லை. இரவில் நீரின்மேல் ஓசை நெடுந்தொலைவு செல்லும். எங்கோ கீழே மற்றொரு திட்டில் தங்கியிருந்தவர்களின் பேச்சு எங்கள் கூடாரத்துக்கு வெளியே நின்று பேசுவதுபோல் கேட்டது. பேச்சு கேட்டது, சொல் விளங்கவில்லை. அந்த 1832ஆம் ஆண்டின் இரவும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். காது கேட்பது வேறு. மனம் கேட்பது வேறு. ஒரே வீட்டில் வாழ்வோர்க்கும் இது பொருந்தும்.

விடியலில் மூடுபனி ஆற்றை மறைத்திருந்தது. சாண்ட்ஹில் கொக்குகளின் கணீரென்ற கூவல் மாத்திரம் பனிக்குள்ளிருந்து வந்தது. மருமகள் ஓடிச்சென்று குச்சியைப் பார்த்தாள். அது கரையில் இல்லை. நீருக்குள் ஒரு முழம் தள்ளி நின்றது. முன்னாள் மாலை நாங்கள் உண்ட இடத்தின்மேல் ஆறு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. வில்லோ மரத்தடியில் படகுகள் பத்திரமாக இருந்தன.

கூடாரத்தைச் சுருட்டி, குப்பைப் பையைக் கட்டி, திட்டை ஒருமுறை சுற்றி வந்தோம். யாரோ விட்டுச்சென்ற இரண்டு தகர மூடிகளை மருமகள் பொறுக்கித் தன் பையில் இட்டாள். ஈரமணலில் ஆமையொன்று ஊர்ந்த தடம் எங்கள் காலடிகளுக்குக் குறுக்கே சென்றது; ஜூன், ஜூலை மாதங்களில் ஆமைகள் இத்திட்டுகளில் முட்டையிடும் என்று அறிந்திருந்ததால், அந்தப் பக்கம் நடவாமல் விலகிப் படகேறினோம்.

ஸ்பிரிங் கிரீனை அணுகும்போது அவளே தன் கேள்விக்கு ஒரு விடை கண்டிருந்தாள். "மாமா, மணல் ஆற்றுடையது. நாம் ஓரிரவு கேட்டு வாங்கினோம், அவ்வளவுதான்."

இதனைவிடச் செம்மையாக நான் சொல்லிவிட இயலாது. நிலமும் நீரும் நமக்கு முன்னும் இருந்தன. நமக்குப் பின்னும் இருக்கும். அவற்றை உரிமை கொண்டாடுவோரைவிட, இடம் கேட்டுத் தங்கி, வருவோர்க்கும் இடம் விட்டு, அயலான் குரல் கொடுத்தால் நின்று பொருள் கேட்டுச் செல்வோரே அவற்றை நன்கு அறிந்தவர் ஆவர்.