விசித்திரசித்தனும் குட்டைத் துப்பாக்கியும்

ஊருக்குப் போய்ட்டு வந்து ரெண்டு வாரம் ஆச்சு. உடனே எழுதணும்னு நினைச்சேன், வழக்கம்போல சோம்பேறித்தனம். இன்னிக்கு எப்படியாவது முடிச்சுடறேன்.

எங்க ஊர் மண்டகப்பட்டு. விழுப்புரத்துல இருந்து செஞ்சி போற வழியில இருக்கு. வெளியூர்க்காரங்க யாராவது பேரைக் கேட்டுத் தலையாட்டினா ஒண்ணு வரலாற்று ஆர்வலரா இருப்பாங்க, இல்ல எங்க சொந்தக்காரங்களா இருப்பாங்க. காரணம், ஊர்ல இருக்கற குடைவரைக் கோயில். ஏழாம் நூற்றாண்டுல முதலாம் மகேந்திரவர்மன் வெட்டினது. அதுல ஒரு கல்வெட்டு இருக்கு. செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம பிரம்மா, ஈஸ்வரன், விஷ்ணு மூணு பேருக்கும் விசித்திரசித்தன் இந்தக் கோயிலை எடுப்பிச்சான் அப்படிங்கறது அதோட சாரம். விசித்திரசித்தன்ங்கறது மகேந்திரவர்மனோட பட்டப்பேர். வித்தியாசமா யோசிக்கற மனசு உள்ளவன்.

சின்ன வயசுல அந்தப் பாறை எங்களுக்கு ஒளிஞ்சு விளையாடற இடம். இப்ப பாத்தா ஒரு விஷயம் உறைக்குது. கோயில் கட்டினவங்க பொதுவா என்னென்ன சேர்த்தோம்னுதான் பெருமையா எழுதி வைப்பாங்க. இந்த ஆள் எதையெல்லாம் விட்டேன்னு எழுதி வச்சிருக்கான்!

இதுல துப்பாக்கி எங்கருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. வரேன்.

காலேஜ்ல கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடின காலத்துல இருந்து எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. சுடறதுல இல்ல, துப்பாக்கியோட டிசைன்ல. அதுலயும் குட்டையான, கோணலான, பாத்தவுடனே 'இது என்னடா'ன்னு கேக்க வைக்கற டிசைன்னா ராத்திரி முழுக்க உக்காந்து படிப்பேன். அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல கெல்டெக்னு ஒரு கம்பெனி இருக்கு. 1991ல ஜார்ஜ் கெல்கிரன்னு ஸ்வீடன்ல பிறந்த டிசைனர் ஆரம்பிச்சது. குடை மாதிரி நடுவுல ரெண்டா மடிச்சுப் பையில போட்டுக்கற துப்பாக்கி, 200 கிராம் கூட இல்லாத பிஸ்டல், காலித் தோட்டாவைப் பக்கவாட்டுல தள்ளாம முன்பக்கமா தள்ளற ரைஃபிள்னு இவங்க செய்யறது எல்லாமே விசித்திரசித்தன் வேலைதான்.

குட்டையாக்கறதுல அப்படி என்ன கஷ்டம், குழலை வெட்டினா போச்சேன்னு தோணும். முடியாது. மருந்து எரிஞ்சு வர்ற வாயு குண்டைத் தள்றதுக்குக் குழல் நீளம் வேணும். குழல் குறைஞ்சா வேகம் குறையும். அதனால கெட்டிக்காரங்க நீளத்தை வெட்டாம வேற இடத்துல ஒளிச்சு வைப்பாங்க. உதாரணத்துக்கு 'புல்பப்'. மேகசினையும் இயங்கற பாகங்களையும் டிரிகருக்குப் பின்னாடி, தோள்ல வைக்கற கட்டைக்குள்ளயே தள்ளிடறது. நம்ம இன்சாஸ் ரைஃபிள் மொத்தம் 960 மி.மீ., அதுல குழல் 464. 1970களோட கடைசில வந்த ஆஸ்திரியாவோட ஸ்டெயர் ஏயூஜில குழல் 508, ஆனா மொத்த நீளம் 790தான். குழல் பெருசு, துப்பாக்கி சிறுசு. முதல் தடவை இந்தக் கணக்கைப் படிச்சப்போ உண்மையிலேயே சிலிர்த்துச்சு.

இஸ்ரேலோட ஊசி இன்னொரு வழி. போல்ட்டோட முன்பகுதி குழலைச் சுத்திப் போர்த்தின மாதிரி இருக்கும், மேகசின் கைப்பிடிக்குள்ளயே போயிடும். இருட்டுல ஒரு கை இன்னொரு கையைத் தேடிக் கண்டுபிடிக்கற மாதிரி மேகசினைச் சொருகிடலாம்.

நம்ம நாட்லயும் இந்த வேலை நடக்குது. புனேல இருக்கற டிஆர்டிஓவோட ஏஆர்டிஈ வடிவமைச்ச ஜேவிபிசி கார்பைன்ல மேகசின் கைப்பிடிக்குள்ளதான். சுமார் 3 கிலோ, நிமிஷத்துக்கு 700க்கு மேல சுடும். 2020 டிசம்பர்ல ராணுவத்தோட கடைசிக்கட்ட சோதனையில தேறிச்சு. குழலைக் குறைச்சா மருந்து வீணாகுதேன்னு தோட்டாவையே மாத்திட்டாங்க. இன்சாஸ்ல 45 மி.மீ. நீளமா இருக்கற தோட்டா உறை இதுல 30தான். அடுத்த மாசமே, 2021 ஜனவரில, 'அஸ்மி' 9 மி.மீ. மெஷின் பிஸ்டலை அறிவிச்சாங்க. மாவ் காலாட்படைப் பள்ளியோட லெப்டினன்ட் கர்னல் பிரசாத் பன்சோடும் ஏஆர்டிஈயும் சேர்ந்து நாலே மாசத்துல உருவாக்கினது. முப்பரிமாண அச்சுல பாகங்கள், கார்பன் ஃபைபர்ல கீழ்ப்பாகம். 2024ல வடக்குக் கட்டளைக்காக 550 அஸ்மிக்கு ஆர்டர் போச்சு. ஹைதராபாத் கம்பெனி ஒண்ணு செய்யுது. நம்ம திருச்சி தொழிற்சாலையும் சும்மா இல்ல. திருச்சி அசால்ட் ரைஃபிளைச் சின்னதாக்கி 'ட்ரைகா'ன்னு ஒரு கார்பைன் கொண்டு வந்தாங்க.

இதையெல்லாம் ஊர்ல யார்கிட்ட சொல்றது? பெரியப்பாகிட்ட சொன்னேன். அவர் பட்டாளத்துல இருந்தவர். எஸ்எல்ஆர், ஸ்டெர்லிங் கார்பைன், கடைசில இன்சாஸ் எல்லாம் தூக்கினவர். சாயங்காலம் கோயில் பாறை ஓரமா உக்காந்து லேப்டாப்ல படம் எல்லாம் காட்டி அரை மணி நேரம் விளக்கினேன். அவர் பேசாம தலையாட்டிட்டே இருந்தார். கடைசில, "எப்படி பெரியப்பா இருக்கு?"ன்னு கேட்டேன்.

"டேய், இந்தப் பக்கம் வந்து சொல்லுடா. இடது காது சுத்தமா கேக்காதுன்னு தெரியாதா உனக்கு?"

தெரியும். தெரிஞ்சும் மறந்துட்டேன். வீட்ல எல்லாரும் அதை வயசுக் கோளாறுன்னு நினைச்சுட்டு இருந்தோம். அன்னிக்குத்தான் விஷயத்தைச் சொன்னார். ரைஃபிள் சுடறப்போ வலது கன்னம் கட்டையோட ஒட்டி இருக்கும், வலது காதைத் தலையே மறைச்சுக்கும். இடது காது குழல் வாய் பக்கமா திறந்து கிடக்கும். "பஞ்சு வச்சுக்குவோம். பாதி நேரம் அதுவும் இருக்காது. ராத்திரியெல்லாம் காதுக்குள்ள சில்வண்டு கத்தற மாதிரி இன்னிக்கும் கத்துதுடா"ன்னார்.

அப்புறம் இன்னொண்ணு கேட்டார். "நீ காட்டினதெல்லாம் குட்டையா இருக்கே, சத்தம்?"

எனக்குப் பதில் தெரியும். குழல் குறைய குறைய, எரிஞ்சு முடியாத மருந்து வெளில வந்து எரியும். நெருப்பும் அதிகம், சத்தமும் அதிகம். புல்பப்ல குழல் வாயே முகத்துக்குக் கிட்ட வந்துடுது. நான் அரை மணி நேரம் சொன்னதுல இது மட்டும் இல்ல. நான் படிச்ச பக்கங்கள்லயும் இது கடைசில ஒரு வரியா இருந்ததுதான், நான்தான் தாண்டிப் போயிருக்கேன்.

சாஃப்ட்வேர்ல எங்களுக்கு இது பழகின விஷயம். சிக்கலை யாரும் அழிக்கறதில்ல, இடம் மாத்தறோம். ஒரு பக்கம் கோடு அழகா சுருங்கினா, இன்னொரு பக்கம் யாரோ ஒருத்தர் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிருக்கார்னு அர்த்தம். துப்பாக்கில மிச்சம் பிடிச்ச அந்த 17 செ.மீட்டருக்கு யாரோட காதோ விலை கொடுக்குது.

இதுக்காகக் குட்டைத் துப்பாக்கியே கூடாதுன்னு பெரியப்பா சொல்லல. "எஸ்எல்ஆரை வச்சுக்கிட்டு வண்டிக்குள்ள ஏறி இறங்கிப் பாரு, தெரியும். வீட்டுக்குள்ள பூந்து தேடறப்போ குழல் முதல்ல கதவுல இடிக்கும். குட்டையா இருந்தா உயிர் பிழைக்கலாம். செய்யறவன் காதையும் கொஞ்சம் நினைச்சா நல்லாயிருக்கும்"னார். அவ்வளவுதான். கோவம் எல்லாம் இல்ல.

இருட்டினதும் கிளம்பினோம். நான் அவரோட வலது பக்கமா மாறி நடந்தேன். கோயில் முகப்புல ரெண்டு ஓரத்துலயும் துவாரபாலகர் நின்னுட்டு இருந்தாங்க. உள்ள மூணு கருவறையும் காலி. எதை விட்டேன்னு ராஜா எழுதி வச்சிருக்கான். உளி பிடிச்சவங்க எதை விட்டாங்கன்னு கல்வெட்டுல இல்ல. பாறையில நாள் முழுக்க உளிச்சத்தம் கேட்டவங்களுக்கும் ராத்திரில சில்வண்டு கத்தியிருக்குமோ என்னமோ.

வந்ததும் பெரியப்பாவுக்குக் காது கேக்கற மெஷினுக்கு டாக்டர்கிட்ட தேதி வாங்கியிருக்கேன். குட்டியா, காதுக்குள்ளயே மறைஞ்சுடற டிசைனாம். இந்தத் தடவை அதோட குறைகளைத்தான் முதல்ல படிச்சேன் :)