தகிட தகிட தக!

இந்தத் தடவை நான் சிதம்பரத்துக்குப் புறப்பட்டது நடராஜர் தரிசனத்துக்காக மட்டும் அல்ல, நேயர்களே! உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கைப்பையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருந்தது. அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் மஞ்சள் பூத்த புத்தகம். அதில் என் தாயார் கைப்பட எழுதிய பதினொரு பாட்டுகள். கும்மி, கோலாட்டம், நலங்கு, தாலாட்டு என்று எல்லாமே வீட்டுப் பாட்டுகள். வார்த்தைகள் ஒன்று குறையாமல் இருக்கின்றன. மெட்டுத்தான் இல்லை!

அந்தக் காலத்தில், ராத்திரி அடுப்படி வேலை முடிந்ததும் அம்மா கூப்பிடுவாள். "வாடி, இதையும் கற்றுக்கொள். எனக்குப் பிறகு யார் பாடுவார்கள்?" என்பாள். "ரேடியோவில் வராத பாட்டு எனக்கு எதற்கு?" என்று பதில் சொன்ன மகராஜி நான்தான். அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சிதம்பரத்தில் அவளுடைய தங்கை, என் சித்தி, இருக்கிறாள். வயது 86. அவளுக்காவது நினைவிருக்குமா என்று கேட்டுவரத்தான் இந்தப் பயணம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறினோம். துணைக்கு என் அண்ணன் பேத்தி. பன்னிரண்டு வயது. மிருதங்கம் கற்றுக்கொள்கிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததுமே காதில் எதையோ மாட்டிக்கொண்டு, என் கைப்பை மீது விரல்களால் தாளம் போட ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடி அது?" என்றேன்.

"லத்தீன் ஜாஸ், அத்தைப் பாட்டி!"

"லத்தீனா? மாதா கோயில் பூசையில் அந்த நாளில் சொல்வார்களே, அந்த லத்தீனா?"

குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "அதே லத்தீன் பெற்ற பிள்ளைகள்தான் ஸ்பானிஷும் போர்த்துக்கீசும். அந்த மொழிகள் பேசுகிற கியூபா, பிரேசில் நாடுகளின் தாளத்தை அமெரிக்காவின் ஜாஸ் சங்கீதத்தோடு சேர்த்தால் லத்தீன் ஜாஸ்" என்று விளக்கம் சொன்னாள்.

"நம் சங்கீதமே கடல் மாதிரி இருக்கிறது. அதைக் கரைத்துக் குடித்துவிட்டாயாக்கும்! இது வேறு எதற்கு?" என்று நான் கேட்டது வாஸ்தவம். உங்களில் பலரும் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள்.

பஸ் முதுநகரைத் தாண்டிக்கொண்டிருந்தது. கப்பல்கள் வந்து போன பழைய துறைமுகப்பட்டினம் அது. பக்கத்தில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இங்கிலீஷ்காரர்கள் விலைக்கு வாங்கியது 1690ல். அந்த வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த பிடிலைத்தான் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் கற்றுக்கொண்டு நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். இன்றைக்குப் பிடில் இல்லாமல் ஒரு பாட்டுக் கச்சேரி நடக்குமா? கிளாரினெட்டும் அப்படி வந்ததுதான். நான் கேட்ட கேள்விக்கு நானே பதில் தேடிக்கொண்டிருந்தேன். குழந்தையிடம் மட்டும் சொல்லவில்லை!

ஆலப்பாக்கம் வருவதற்குள் அவள் எனக்கு வாத்தியாராகிவிட்டாள். நீங்களும் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் இப்படிச் செய்து பாருங்கள்.

"தகிட, தகிட, தக" என்று நிதானமாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. மூன்றும் மூன்றும் இரண்டும் எட்டு. நிறுத்தாமல் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். வந்துவிட்டதா? கியூபா தேசத்துப் பாட்டுகளின் அடித்தளத்தில் ஓயாமல் ஓடுகிற நடை இதுதான்!

அடுத்த பாடம் சற்றுக் கடினம். "தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி." எண்ணிக்கை பதினாறு, தட்டு ஐந்து. இதற்கு 'கிளாவே' என்று பெயர். வாத்தியம் எத்தனை இருந்தாலும், இந்த ஐந்து தட்டுக்குத்தான் அத்தனை பேரும் கட்டுப்பட்டவர்கள். இதைத் தட்டுவதற்கு என்ன கருவி தெரியுமா? கையகல நீளத்தில் இரண்டு கெட்டியான மரக் கோல்கள். ஏறக்குறைய நம் கோலாட்டக் கோல்தான்! ஹவானா துறைமுகத்தில் கப்பல் கட்டுவதற்கு வைத்திருந்த மர ஆணிகளைத் தட்டித் தட்டியே இந்தக் கருவி பிறந்தது என்று சொல்கிறார்கள்.

யார் தட்டியது? அங்கேதான் மனசை உறுத்துகிற கதை இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து லட்சோபலட்சம் ஜனங்களைப் பிடித்து, விலங்கு பூட்டி, கரும்புத் தோட்டங்களில் அடிமை வேலைக்குக் கொண்டுபோனார்கள். கியூபாவில் அடிமைத்தனம் ஒழிந்தது 1886ல், பிரேசிலில் 1888ல். கப்பலேறும்போது அந்த ஜனங்கள் கையில் ஒரு செப்புக்காசு கிடையாது. மூட்டை முடிச்சு கிடையாது. கைக்குள்ளே இருந்த தாளத்தை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை!

அந்தத் தாளம் நியூயார்க்குக்குப் போய் ஜாஸோடு கலந்த கதையும் ருசியானது. டிஸ்ஸி கில்லெஸ்பி என்ற பேர் பெற்ற டிரம்பெட் வித்வான், ஹவானாவில் பிறந்த சானோ போஸோ என்ற மேளக்காரரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1947 செப்டம்பரில், நமக்குச் சுதந்திரம் வந்த அடுத்த மாதம், கார்னகி ஹால் மேடையில் இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். போஸோவுக்கு இங்கிலீஷ் சரியாக வராது. பின் எப்படிக் கற்றுக்கொடுத்தார்? குழு ஊர் ஊராகப் பஸ்ஸில் போகும்போது ஒருவர் கையில் மேளம், இன்னொருவர் கையில் மணி என்று கொடுத்து, ஆளுக்கொரு தாளத்தைத் தட்டச் சொல்வாராம். பஸ்தான் பள்ளிக்கூடம்! அடுத்த வருஷம் டிசம்பரில், 33 வயதிலேயே, போஸோ இறந்துபோனார். ஆனால் பஸ்ஸில் சொல்லிக்கொடுத்த பாடம் சாகவில்லை.

"நாமும் பஸ்ஸில்தானே இருக்கிறோம்!" என்றாள் குழந்தை. முன் ஸீட்டில் கூடை நிறையக் கீரையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, "என்ன பாப்பா, எனக்கும் சொல்லிக் கொடேன்" என்றாள். புதுச்சத்திரம் வருவதற்குள் அவள் கூடை விளிம்பில் தட்டிய தட்டு என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட!

நம்மவர்களுக்கு அந்தச் சங்கீதம் அப்படியொன்றும் அந்நியமில்லை. கறுப்பு வெள்ளைக் காலத்துச் சினிமாப் பாட்டுகளில் 'பாங்கோஸ்' என்று இரட்டை மேளம் கேட்டிருப்பீர்களே, அது கியூபாவின் குழந்தைதான். 1991ல் வெளிவந்த 'பிளானெட் டிரம்' என்ற இசைத்தட்டில், பிரேசில்காரர் ஏர்டோ மொரேராவோடும், போர்ட்டோ ரிக்கோ தீவின் காங்கா மேளக்காரர் ஜியோவானி ஹிடால்கோவோடும் நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராம் சேர்ந்து வாசித்தார். 1992ல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. மண்பானை உலகம் சுற்றிவந்த பெருமை நமக்கு!

பி.முட்லூரில் பஸ் நின்றது. இடது பக்கம் போனால் பரங்கிப்பேட்டை. போர்த்துக்கீசியர் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதுத் துறைமுகம், என்று பெயர் வைத்த ஊர். பிரேசிலுக்குப் போன அதே போர்த்துக்கீசியர்! லத்தீனின் பிள்ளைகள் நம் ஊர் வாசலுக்கும் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு நிலைக்கவில்லை. இந்தக் கடலில் வந்தவர்கள் மட்டுமா, போனவர்களும் உண்டு. கடலூருக்கு வடக்கே புதுச்சேரி, தெற்கே காரைக்கால். அந்த இரண்டு துறைமுகங்களிலிருந்தும் 1853 முதல் பிரெஞ்சுக்காரர்கள் நம் தமிழ் ஜனங்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினீக் தீவுக்குச் சுமார் 25,000 பேர், குவாடலூப் தீவுக்கு 40,000 பேருக்கு மேல். அடிமைகள் விடுதலையாகிவிட்டதால், அதே கரும்புத் தோட்டங்களுக்கு இந்தக் கூலிகள்! அங்கே அவர்கள் வம்சத்தார் இன்றும் அம்மன் பூஜை செய்கிறார்கள். மார்ட்டினீக்கில் பூஜைக்கு அடிக்கும் மேளத்துக்குப் பெயர் 'தாப்பு'. நம் தப்புதான், வேறென்ன? பாடுகிற பாட்டும் தமிழ்தான். ஆனால் அவர்களில் அநேகருக்கு அதன் பொருள் தெரியாது.

நான் நோட்டுப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவர்களிடம் தாளம் இருக்கிறது, பொருள் போய்விட்டது. என்னிடம் வார்த்தை இருக்கிறது, மெட்டுப் போய்விட்டது.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டினால் சிதம்பரம்தான். கோபுர வாசலில் நூற்றெட்டுக் கரணங்களையும் குழந்தைக்குக் காட்டினேன். கல்லிலே ஆடுகிறவர்கள் பெண்கள் என்பதை அவள்தான் எனக்குச் சுட்டிக்காட்டினாள். 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி இந்த ஊரில் நாட்டியாஞ்சலி நடந்துவருவதை நீங்கள் அறிவீர்கள். உள்ளே நடராஜப் பெருமான் வலக் கையில் உடுக்கை. "சாமியும் தாளக்காரர்தான், பாட்டி" என்றாள். அர்ச்சனைத் தட்டை வைத்துக்கொண்டு சிரிக்கவும் முடியவில்லை.

பிராகாரத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு கதை சொன்னேன். தேவார ஏடுகள் இந்தக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. சோழ மன்னனும், இந்தக் கடலூர் ஜில்லாவிலேயே உள்ள திருநாரையூரின் நம்பியாண்டார் நம்பியும் கதவைத் திறந்தபோது செல்லரித்துப் போனவை போக மிச்சம் கிடைத்தன. பாட்டுக் கிடைத்துவிட்டது. பண்? அது ஏட்டில் இல்லையே! திருஞானசம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர் எருக்கத்தம்புலியூர். அதுவும் இதே ஜில்லாதான். அந்த வம்சத்தில் வந்த ஒரு பெண்மணியைத் தேடிப் பிடித்து, அவளைக் கொண்டுதான் பண் வகுத்தார்கள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது.

மன்னனுக்கு அத்தனை படை இருந்தது. பொக்கிஷம் இருந்தது. ஆனால் மெட்டு ஒரு பெண்ணின் தொண்டையில் இருந்தது! அவளுக்கும் அவள் தாயார் ஒரு நாள், "வாடி, கற்றுக்கொள்" என்று சொல்லியிருப்பாள். அவள் என்னைப்போல் பதில் சொல்லவில்லை.

அண்ணாமலை நகர் பக்கமும் ஒரு நடை போய்வந்தோம். டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் சங்கீதம் சொல்லிக்கொடுத்த இடம். 1941ல் தமிழிசை மாநாடு கூடிய இடம். "நான் இங்கே படிப்பேனா?" என்று குழந்தை கேட்டாள். "படிப்பாய்" என்றேன்.

மத்தியானம் சித்தி வீட்டில் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் நோட்டைப் பிரித்து முதல் பாட்டைப் படித்தேன். சித்தி தலையை ஆட்டினாள். "வார்த்தை தெரிகிறதடி. ராகம் வரமாட்டேன் என்கிறதே" என்றாள். இரண்டாவது பாட்டு, மூன்றாவது பாட்டு, எல்லாவற்றுக்கும் அதே பதில். "ஐந்து வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதாடி?" என்று அவள் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

குழந்தைதான் எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து இரண்டு கரண்டிகளைக் கொண்டுவந்தாள். "கோலாட்டப் பாட்டுத்தானே? தாளத்தை நான் பிடிக்கிறேன் பாட்டி" என்று மெதுவாகத் தட்டினாள். தகிட, தகிட, தக.

"இது என்னடி, நொண்டி அடிக்கிறது?" என்றாள் சித்தி. ஆனால் அவள் கைகள் மடியில் தாமாகவே அசைந்தன. நேர்த் தாளமாக, எட்டு எண்ணிக்கை. குழந்தையின் தட்டும் அவள் தட்டும் முதல் அடியில் சேர்ந்து, நடுவில் பிரிந்து, மறுபடி சேர்ந்தன. "நிறுத்தாதே, அடி!" என்றாள் சித்தி. கண்களை மூடிக்கொண்டாள். அப்புறம், நேயர்களே, பாட்டு வந்தது! நடுங்கிய குரல்தான். ஆனால் அம்மாவின் மெட்டு.

அன்றிரவு பதினொன்றில் மூன்று பாட்டுகள் கிடைத்தன. குழந்தை மூன்றையும் பாடம் பண்ணிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்களும்தான். மீதி எட்டு வரவில்லை. இனி வருமா என்பது சந்தேகமே. தாலாட்டு அந்த எட்டில் இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிய குறை.

'வேற்று நாட்டுத் தாளம் எதற்கு?' என்று பஸ்ஸில் கேட்டவளுக்கு அந்தத் தாளம்தான் தாய் வீட்டுச் சொத்தில் மூன்று பங்கை மீட்டுக் கொடுத்தது. இனி அந்தக் கேள்வியை நான் கேட்கமாட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ, பெரியம்மாவோ, மாமியாரோ இருப்பார்கள். இன்று ராத்திரி வேலை முடிந்ததும் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். காகிதமும் பேனாவும் அப்புறம் இருக்கட்டும். முதலில் கையைத் தட்டுங்கள்.