அண்ணாந்து பார்த்த இரண்டு மணி நேரம்



அடுத்த விமான சாகச நிகழ்ச்சி எங்கே நடந்தாலும் போக வேண்டும் என்று நம் சபை வாலிபர் சிலர் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டேன். போய் வாருங்கள்; தடுக்க மாட்டேன். ஆனால் 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிட்டு உங்களை அனுப்ப விரும்புகிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையை உதவி ஊழியரிடம் ஒப்புவித்துவிட்டு, முந்தின நாள் மாலை தென்காசியில் பொதிகை ரயில் ஏறினேன். உடன் நம் சபைத் தம்பி ஒருவன். (ஞாயிற்றுக்கிழமை போதகர் விமானம் பார்க்கப் போகலாமா என்று கேட்ட மூப்பருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.) 1932 அக்டோபர் 8-இல் தொடங்கிய இந்திய விமானப்படையின் 92-ஆம் ஆண்டு விழா அது. 21 ஆண்டுகளுக்குப் பின் சென்னைக்கு வந்திருந்தது. பகல் 11 முதல் 1 மணி வரை, 72 விமானங்கள். வந்தவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் என்றார்கள்.

பார்க்கும் விதம் ஒன்று உண்டு. ஜெட் விமானத்தின் ஒலியைக் கேட்டுத் திரும்பினால் அது அங்கே இராது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். அதற்குள் ரஃபேல் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். ஆகவே ஒலி வரும் இடத்துக்கு முன்னே பாருங்கள். சூரியகிரண் குழுவின் ஒன்பது விமானங்கள் வரும்போது, அவை விடும் புகையைவிட, இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவேயுள்ள இடைவெளியைக் கவனியுங்கள்; வியப்பு அங்கேதான் இருக்கிறது. சாரங் ஹெலிகாப்டர்களின் மேல் மயில் தீட்டியிருக்கும். நம் வயல்வெளி மயில்களைத் தினமும் பார்க்கிற எனக்கே அது புதுமையாயிருந்தது. கைபேசியை மட்டும் பையிலேயே வைத்துவிடுங்கள். அதில் விமானம் ஈயளவுதான் தெரியும்.

வெயிலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். சாரலில் வளர்ந்தவர்கள் நாம். கடற்கரையின் ஈரக்காற்றில் வியர்வை உலர்வதில்லை, உடம்பின் சூடும் தணிவதில்லை. தொப்பி, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர், காலையில் வயிறு நிறைய ஆகாரம் ஆகிய மூன்றும் இல்லாமல் போகாதீர்கள். இருதய நோயுள்ளவர்களும் முதியவர்களும் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்ப்பதே நல்லது. முடிந்தவுடன் எல்லாரும் ஒரே வழியில் ஓடுவார்கள். நீங்கள் ஒரு மணி நேரம் நிழலில் உட்கார்ந்துவிட்டுப் புறப்படுங்கள். ஒத்திகை நாளில் போக முடியுமானால் இன்னும் நலம்.

பன்னிரண்டரை மணியிருக்கும். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "ஐயா, தண்ணி இருக்கா?" என்று கேட்டார். என் கையிலிருந்த பாட்டிலில் இரண்டு மிடறு மீதியிருந்தது, கொடுத்தேன். பைக்குள் முழு பாட்டில் ஒன்று இருந்ததை நான் சொல்லவில்லை. திரும்பி நடக்க வேண்டுமே என்று மனதில் கணக்குப் போட்டேன். முப்பது வருஷமாய்ப் பிரசங்கிக்கிறவன். தம்பி ஒன்றும் பேசாமல் தன் பாட்டிலை அவரிடம் நீட்டினான். அவர் குடித்து, முகத்தில் தெளித்துக்கொண்டு, மகனின் தோளைப் பிடித்தபடி கூட்டத்துக்குள் போனார்.

நெரிசலில் வெளியே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தம்பி உதடு வறண்டு நடந்தான், என்னிடம் கேட்கவில்லை. அவன் முன்பாக அந்தப் பாட்டிலை வெளியே எடுக்க எனக்கு வெட்கமாயிருந்தது. வழியில் ஒரு கடையில் இருவருக்கும் மோர் வாங்கினேன்.

நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் ஐந்து பேர் இறந்துபோன செய்தி அன்று மாலை வந்தது. அந்தப் பெரியவர் வீடு சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் பண்பொழிக்கு வந்து பையைத் திறந்தேன். அந்தப் பாட்டில் மூடி திறக்கப்படாமல் இருந்தது.