கொரியா நமக்கு எதுக்கு?

பல்கலைக்கழகங்களில் தலித் மாணவனுக்கு ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அவன் தன் சேரியைப் பற்றி எழுதலாம், தன் சாதியைப் பற்றி எழுதலாம். அயல்நாட்டைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். சமூகவியலில் எம்.ஃபில். சேர்ந்தபோது கொரியா பற்றிச் செய்யணும்னு கேட்டேன். "கோவில்பட்டிப் பக்கந்தானே? தீப்பெட்டி ஆபீஸ் இருக்கு, ஒங்க தெரு இருக்கு. அதப் பாருங்க தம்பி. கொரியா ஒங்களுக்கு எதுக்கு?" என்றார் நெறியாளர். இப்படிச் சொல்பவர் அவர் ஒருத்தர் மட்டுமில்லை. அதனால் பேர் வேண்டாம்.

எதுக்குன்னு சொல்றேன். அங்கேயும் நம்மாட்கள் இருந்தார்கள். பேக்ஜொங் என்று பேர். மாடு அறுப்பது, தோல் பதனிடுவது, கூடை முடைவது தொழில். ஊருக்கு வெளியே குடியிருப்பு. ஓட்டுவீடு கூடாது, பட்டு கூடாது, மற்ற ஆம்பிளைகள் வைக்கிற கறுப்புத் தொப்பி கூடாது. ஊர்ச் சின்னப்பயலிடமும் பணிந்துதான் பேசணும். எங்க தாத்தா கரிசக்காட்டு ஊர்ல செத்த மாடு தூக்கினவரு. மேலத்தெருப் பொடிப்பயலையும் 'சாமி'ன்னு கூப்பிட்டவரு. வாசிக்க வாசிக்க எனக்குக் கொரியா தூரமாகத் தெரியவில்லை.

1894இல் அங்கே சட்டப்படி இந்த ஏற்றத்தாழ்வு ஒழிந்தது. தெருவில் ஒழியவில்லை. ஜின்ஜு நகரத்தில் காசு பணம் இருந்த பேக்ஜொங் ஒருவர் பிள்ளைகளுக்கே பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை என்றார்கள். 1923 ஏப்ரலில் அதே ஊரில் ஹியோங்பியோங்சா என்ற சங்கம் பிறந்தது. சமன் சங்கம் என்று சொல்லலாம். பேரின் முதல் எழுத்துக்குத் தராசு என்று பொருள். கறிக்கடையில் தொங்குகிற அதே தராசு. பொறுக்காத ஊர்க்காரர்கள் இனி மாட்டுக்கறி வாங்கக் கூடாதென்று கிளம்பினார்கள், பல ஊர்களில் அடித்தார்கள். ஊர்விலக்கம் நமக்குத் தெரியாததா?

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது கிம் ஜுங்-சொப் என்ற சமூகவியலாளரால். ஜின்ஜுவில் உள்ள கியோங்சாங் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். தான் பாடம் நடத்திய ஊரில் பிறந்த அந்த இயக்கத்தையே தன் வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டார். 'நான் பேக்ஜொங் வழி வந்தவன்' என்று வெளியே சொல்ல ஆள் இல்லாத நாட்டில், பழைய பத்திரிகைகளிலும் ஜப்பானியர் காலத்துப் போலீஸ் பதிவுகளிலும் தேடினார். 1994இல் கொரிய மொழியில் புத்தகம். 2003இல் ஆங்கிலத்தில். 1996இல் ஜின்ஜு கோட்டை முன்னால் அந்த இயக்கத்துக்கு நினைவுத்தூண் எழும்பியது. தலைநகரத்தை விட்டுத் தள்ளி இருக்கிற ஒரு ஊரில் உட்கார்ந்து ஒரு ஆய்வாளன் இவ்வளவு செய்ய முடிகிறது.

ஆனால் என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு. அங்கே இன்றைக்கு யார் பேக்ஜொங் வழி என்று பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரியாது. 1950இல் மூண்ட போரில் சனம் சிதறியது, பிறகு நகரங்களுக்கு ஓடியது, அடையாளம் கரைந்துபோனது. அதே 1950இல் இங்கே அரசியல் சட்டம் வந்தது, அதன் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. நம்மாட்களும் ஊரை விட்டு ஓடத்தான் செய்தார்கள். கோவில்பட்டியில் வாடகைக்கு வீடு கேட்டால் இன்னும், "நீங்க என்ன ஆளுக?" அங்கே கரைந்தது இங்கே ஏன் கரையவில்லை? மறைந்து கரைவதுதான் விடுதலையா, பேர் சொல்லி நிமிர்ந்து நிற்பதா? என் தெருவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியே எழும்பாது. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு நாடு வேணும்.

தீப்பெட்டி ஆபீஸ் பற்றித்தான் அன்றைக்கு எழுதினேன். பட்டம் வந்தது, வேலை வந்தது. இப்ப என் வகுப்பில் தீப்பெட்டி ஒட்டுற வீட்டுப் பொண்ணு ஒருத்தி, செல்போன்ல கொரிய நாடகம் பார்த்துப் பார்த்து அந்த எழுத்தையே படிச்சிட்டா. கிம் எழுதின 1994 புத்தகம் எனக்கு எட்டாது. அவளுக்கு எட்டும்.